லெஃப்ட் வரவில்லை

முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்த மனுஷன் லிஃப்டில் ஏற மாட்டார். கேட்டால், "கடைசியா எவன் கை வச்சான்னு எனக்குத் தெரியுமா?" என்பார். ஓய்வுபெற்று ஆறு வருஷமாகிறது. மூன்றாவது மாடி வீட்டுக்குப் படியில்தான் ஏறி இறங்குகிறார்.

அக்கம்பக்கத்தில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். நேரில் சொல்ல மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும். ஏழெட்டு வருஷமாக இந்த உலகம் சத்தமாகப் பேசுவதையே விட்டுவிட்டது என்பது அவருடைய கணக்கு. பால் போடுகிறவன் முணுமுணுக்கிறான். வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண் முணுமுணுக்கிறாள். வாய் திறந்து பேசினால் குட்டு உடைந்துபோகும் என்கிற பயம்தான், வேறென்ன?

அந்தத் திங்கட்கிழமை காலையில் அவர் முகத்தில் பாதி சோப்போடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, கட்டில்மேல் பெரிய பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. மனைவி துணிகளை மடித்து உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"மக வீட்டுக்கு. ஞாயித்துக்கிழமை."

"எத்தனை நாளைக்கு?"

அவள் ஒரு துண்டை உதறி மடித்தாள். "இனிமே அங்கதான்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த சவரக்கத்தி தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடிப்போனது.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணினே?"

"உங்களைக் கேட்டுத்தான்."

"என்னையா? எப்போ?"

"கேட்டேன். ஒரு தடவை இல்ல, நாலு தடவை கேட்டேன். நீங்கதான் வாயைத் திறக்கல."

நாற்பத்தொரு வருஷத்தில் அவள் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. இதுதான் முதல் பொய். அதுவும் எவ்வளவு பெரிய பொய்!

"யாருக்குக் காது குத்துற? எனக்குக் காது குத்தி அறுபத்தஞ்சு வருஷம் ஆச்சு!"

அவள் பதில் பேசவில்லை. பேசினாளோ என்னவோ, முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

சோப்பைத் துடைக்காமலே மகளுக்குப் போன் போட்டார். "காதும் காதும் வச்ச மாதிரி ரெண்டு பேரும் சேர்ந்து வேலை பாத்திருக்கீங்க, இல்ல?"

"ஐயோ அப்பா, கத்தாதீங்க. அம்மா பாவம்பா. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாம சுவரோட பேசுறேங்கிறாங்க. இங்க வந்தா பிள்ளைங்க இருக்கு. உங்க மாப்பிள்ளை ஹால்ல தியேட்டரே வச்சிருக்கார், அஞ்சு பக்கமும் சத்தம் வரும். அம்மாவுக்குப் படம்னா உசுரு. நீங்களும்..."

அவர் போனை வைத்துவிட்டார். கோளாறு எங்கே என்று தெரிந்துபோனது. தியேட்டர்! அதைக் காட்டித்தான் அவளை இழுக்கிறார்கள். கல்யாணமான புதிதில் ஒரே படத்துக்கு அவரை மூன்று தடவை இழுத்துக்கொண்டு போனவள் அவள். மாப்பிள்ளை கெட்டிக்காரன், எங்கே தட்டினால் திறக்கும் என்று தெரிந்துவைத்திருக்கிறான். சரி, பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த வீட்டிலும் அஞ்சு பக்கம் சத்தம் வரவேண்டும். வந்தால் அவள் இருப்பாள். வராவிட்டால் பெட்டி கிளம்பிவிடும்.

கையில் இருந்தது, கீழ்வரிசைப் பல் கட்டுவதற்கென்று டப்பாவில் போட்டு வைத்திருந்த பணம். அதற்குள் முடிக்க வேண்டும்.

முதலில் பெரிய கடைக்குப் போனார். கழுத்தில் அட்டை மாட்டியிருந்த விற்பனைக்காரனிடம் விலையை இரண்டு தடவை கேட்டார். முதல் தடவை காதில் விழவில்லை, இரண்டாம் தடவை நம்ப முடியவில்லை. அந்தப் பணத்துக்கு முப்பத்திரண்டு பல்லும் கட்டிக்கொண்டு மீதியில் தினம் கறியும் தின்னலாம்.

அங்கிருந்து நேராகப் பழைய கம்ப்யூட்டர் விற்கிற கடைக்குப் போனார். ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலையில் இடிக்கிற கடை. கடைக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். வேலை செய்யும்போது ஸ்க்ரூக்களை உதட்டோரத்தில் இடுக்கிக்கொள்வாள், அதனால் எல்லாருக்கும் அவள் ஸ்க்ரூக்காரி. அவள் பேசுவதும் அவருக்கு முணுமுணுப்பாகத்தான் கேட்டது. ஆனால் அவள் வாயில்தான் ஸ்க்ரூ இருக்கிறதே என்று அதை மட்டும் மன்னித்தார்.

"தியேட்டர்னா என்ன பெரியவரே? ஒரு டிவி, ஒரு கம்ப்யூட்டர், அஞ்சு ஸ்பீக்கர். டிவி இருக்குதானே? மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"நீ பாக்க வேணாம். பாகத்தை மட்டும் குடு, நானே மாட்டிக்கறேன். லிஃப்டே மாட்டினவன் நான்."

மூடிப்போன ஏதோ அலுவலகத்திலிருந்து வந்த ஒல்லியான கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து வைத்தாள். நெற்றியில் 'கணக்குப் பிரிவு 7' என்று ஒட்டியிருந்தது.

"கணக்குப் பிரிவா? அப்போ இது நிறையத் திருட்டைப் பாத்திருக்கும்."

"பாத்ததை வெளிய சொல்லாதில்ல? நல்ல பெட்டி, எடுத்துக்கங்க."

இரண்டு ரேம் பட்டை, ஸ்டார்ட் ஆவதற்குச் சின்ன எஸ்எஸ்டி, படம் போட்டு வைக்கப் பெரிய பழைய ஹார்ட் டிஸ்க், மூன்று துளை உள்ள சவுண்ட் கார்டு. ஸ்பீக்கர் செட்டும் பழசுதான். உள்ளங்கை உயரத்துக்கு அஞ்சு பெட்டி, தரையில் வைத்து உறுமுவதற்கு ஒரு பெரிய பெட்டி. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குலுக்கி, முகர்ந்துகூடப் பார்த்துத்தான் பையில் போட்டார். கடைசியில் அவள் ஒரு பென் டிரைவை நீட்டினாள்.

"படம் ஓட்டுற சாஃப்ட்வேர். இதுக்குக் காசு வேணாம், இது எல்லாருக்கும் இலவசம்."

"சும்மாவா? எவன் சும்மா குடுக்கிறான்? எதுக்கு?"

"உலகத்துல நாலு நல்லவங்க இருக்காங்க பெரியவரே."

"அந்த நாலு பேரோட பேரைச் சொல்லு பாப்போம்."

செவ்வாய்க்கிழமை முழுக்க ஹால் தரையில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்ததும் கணக்குப் பிரிவின் பத்து வருஷத் தூசி மூக்கில் ஏறியது. ஊதினார், பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தார். கிறீச்சென்ற மின்விசிறிக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டார். பிராசசர்மேல் காய்ந்துபோயிருந்த பசையைச் சுரண்டி, புதுப் பசையைப் பட்டாணி அளவுக்கு வைத்து, விசிறியை அழுத்திப் பூட்டினார். ரேம் பட்டை 'டக்' என்று உட்கார்ந்தது. அந்த 'டக்'கில் அவருக்குப் பழைய சந்தோஷம் வந்தது. மனைவி இடப்பக்கமாக வந்து டீயை வைத்துவிட்டுப் போனாள். ஏதோ சொன்னாள் போலிருந்தது. நிமிர்ந்தபோது அவள் முதுகுதான் தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் டிவியில் வெளிச்சம் வந்தது. ஸ்க்ரூக்காரி போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழுத்தினார். பச்சை ஒயர் முன்பக்க ஸ்பீக்கருக்கு, கறுப்பு ஒயர் பின்பக்கத்துக்கு. கடைசியில் ஸ்பீக்கர் சோதனை. திரையில் அஞ்சு பெட்டியின் படம் இருக்கும், ஒன்றை அழுத்தினால் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் பேசும். லிஃப்டுக்குள் மாடி எண் சொல்கிறவளைப் போன்ற குரல்.

"ரைட்" என்றாள், ஹாலே அதிர்ந்தது. "ரியர் ரைட்" என்றாள், பிடரியில் தட்டியதுபோல் இருந்தது. அவர் சிரித்தேவிட்டார்.

"லெஃப்ட்" என்றாள். அடுத்த தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுவது மாதிரி இருந்தது. "ரியர் லெஃப்ட்" என்பது அதுவும் இல்லை. எழுந்து போய், வழக்கம்போல் காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. செத்த பெட்டி.

அவருடைய தொழிலில் ஒரு விதி உண்டு. சந்தேகமான பாகத்தையும் நல்ல பாகத்தையும் இடம் மாற்றிப் போட வேண்டும். கோளாறு பாகத்தோடு கூடவே போனால் பாகம் கெட்டது. இருந்த இடத்திலேயே நின்றால் பாகம் நல்லது, கோளாறு வேறெங்கோ. இடப்பக்கப் பெட்டிகளை வலப்பக்கம் வைத்தார், வலப்பக்கத்தை இடப்பக்கம் வைத்தார். மறுபடியும் லெஃப்ட்தான் செத்தது. ஒயரை மாற்றினார். லெஃப்ட். பெட்டியும் நல்லது, ஒயரும் நல்லது. மிச்சம் சவுண்ட் கார்டு.

வியாழக்கிழமை காலையில் கடையில் போய் நின்றார்.

"என்ன, லிஃப்ட்காரருக்கு லெஃப்ட் வரலையா?" ஸ்க்ரூக்காரிக்குத் தன் சொல்லே பிடித்துப்போய்ச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கார்டை மாற்றிக் கொடுத்தாள்.

புதுக் கார்டிலும் லெஃப்ட் வரவில்லை. வெள்ளிக்கிழமை கார்டு, ஸ்பீக்கர் செட் இரண்டையும் தூக்கிக்கொண்டு போனார். அவள் கடையிலேயே மாட்டிக் காட்டினாள்.

"வருதே பெரியவரே! ஜோரா வருதே!"

"எனக்கு வரல."

"அதோ, அவரைக் கேளுங்க." கடை வாசலில் நின்ற ஆட்டோக்காரர் தலையை ஆட்டினார்.

"அவன் உன் ஆளு." அவர் குரல் தெருவுக்கே கேட்டது. "கெட்டதைத் தலையில கட்டிட்டு, எல்லாருமா சேர்ந்து காதுல பூ சுத்துறீங்க! கணக்குப் பிரிவுல இருந்தவனுங்க பரவாயில்ல. நீ பச்சைத் திருடி!"

ஸ்க்ரூக்காரி உதட்டிலிருந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன். உங்க சுவர்ல கோளாறா, என் கார்டுல கோளாறான்னு அங்கயே பாத்துடலாம்."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தாள். வாசல் ஓரத்தில் மனைவியின் பெட்டி மூடி, பூட்டி, நிமிர்ந்து நின்றது. மறுநாள் மகள் வந்துவிடுவாள். இந்த ஒரு லெஃப்டால் எல்லாம் போகப்போகிறது.

ஸ்க்ரூக்காரி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து சோதனையை ஓடவிட்டாள். அது ஒவ்வொரு பெட்டியிலும் பலதடவை சொல்லிவிட்டு, தானாகவே அடுத்த பெட்டிக்குச் சுற்றிவரும்படி வைத்தாள். ஒரு சுற்று கேட்டாள், இரண்டாம் சுற்றும் கேட்டாள். முகத்தில் குழப்பம் வந்தது.

"அம்மா, நீங்க வந்து உக்காருங்களேன்."

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "அஞ்சு பக்கமும் கேக்குதே. நல்லாருக்கே!"

இவளுமா? போவது என்று முடிவெடுத்துவிட்டாள், அதனால் கேட்காததையும் கேட்கிறது என்கிறாள். கட்டினவளும் கடைக்காரியும் ஒரே கட்சி!

"வெளிய போங்க ரெண்டு பேரும்!"

"போறேன் பெரியவரே. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு செய்யுங்க." ஸ்க்ரூக்காரி வலப்பக்க ஸ்பீக்கரைக் காட்டினாள். "இது நல்ல ஸ்பீக்கர்தானே? இதுல சண்டை இல்லையே? இதுல காதை வச்சுக் கேளுங்க. அப்புறம் அதுல வச்சுக் கேளுங்க. எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்ற அளவுக்குப் பணத்தைத் திருப்பித் தர்றேன்."

இது நியாயமான பேச்சு. அவர் வலப்பக்கப் பெட்டியிடம் போனார். "ரைட்... ரைட்..." என்று முழங்கிக்கொண்டிருந்தது. மெஷின் அறையில் முப்பத்துநாலு வருஷம் மோட்டாரிடம் குனிந்த மாதிரியே குனிந்தார். வலக்கையில் ஸ்பேனர் பிடித்தவன் எந்தக் காதைக் கொடுப்பான்? இடக்காதைத்தான். இடக்காதை ஸ்பீக்கரில் ஒட்டினார்.

ஸ்பீக்கர் செத்தது.

தலையை எடுத்தார். "ரைட்" என்றது. காதை வைத்தார். அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. எடுத்தார், வந்தது. வைத்தார், போனது.

அவருடைய கை ஸ்பீக்கரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. மெதுவாகத் தலையைத் திருப்பி வலக்காதை வைத்தார். குரல் மண்டைக்குள் இடித்தது. அப்படியே விறுவிறுவென்று நடந்து, செத்த பெட்டி என்று நாலு நாளாகத் திட்டிக்கொண்டிருந்த பின் இடப்பக்கப் பெட்டிக்குப் போய் அதே வலக்காதை வைத்தார்.

"ரியர் லெஃப்ட்" என்றாள் அந்தப் பெண். கணீரென்று, ஒரு குறையும் இல்லாமல்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெட்டியை மாற்றினார், ஒயரை மாற்றினார், கார்டை மாற்றினார். தலையை மாற்றிப் பார்க்கத் தோன்றவே இல்லை. கோளாறு கூடவே வந்துகொண்டிருந்தது, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு! மோட்டாரில் காதை வைத்து நோயைச் சொல்கிற ஆள் என்று கம்பெனியில் பேர் வாங்கியவர் அவர். கடைசி வருஷங்களில் கன்னத்து எலும்பில் ஏறிய அதிர்வைத்தான் காது என்று நம்பிக்கொண்டிருந்தாரா? போனைக்கூட எப்போதும் வலக்காதில்தான் வைக்கிறார். யார் சொல்லி வைத்தார்? எவரும் சொல்லவில்லை. உடம்பே அவருக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது.

அப்படியென்றால் பால்காரன் முணுமுணுக்கவில்லை. வங்கிப் பெண் முணுமுணுக்கவில்லை.

"பெரியவரே..." ஸ்க்ரூக்காரி தயங்கினாள். "தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா?"

"ஏம்மா." அவர் தலையைத் தூக்கவில்லை. "உன்னைத் திருடின்னு சொன்னேன்ல, அது தப்பு. கடைக்கு வந்து, எல்லார் முன்னாடியும் சொல்றேன். அந்த ஆட்டோக்காரனையும் நிக்க வை."

"அதெல்லாம் வேணாம். டாக்டரைப் பாருங்க முதல்ல." அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். படியைப் பார்த்து நடந்தாள்.

"எதுக்கு மூணு மாடி இறங்குற? லிஃப்டுல போ" என்றார். "நல்லாத்தான் வச்சிருப்பாங்க."

கதவு சாத்திக்கொண்டது. சோதனை மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரைட் என்றது, ரியர் ரைட் என்றது. மனைவி அதே நாற்காலியில் சிலைபோல உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அவர் இப்போது கேட்கப்போகும் கேள்வியை அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள் போலும்.

"என்னைக் கேட்டேன்னியே, அந்த நாலு தடவை. எங்க வச்சுக் கேட்டே?"

"படுக்கையில. விளக்கை அணைச்சப்புறம். பகல்ல கேட்டா கத்துவீங்கன்னு."

கட்டிலில் அவர் சுவர்ப்பக்கம் படுப்பார். அவள் அவருக்கு இடப்பக்கம். நாற்பத்தொரு வருஷமாக இடப்பக்கம்.

"ஒரு வார்த்தைகூடப் பேசாம படுத்திருந்தீங்க" என்றாள். "முதல் தடவை கோவம்னு நினைச்சேன். நாலாவது தடவை, போனா போன்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்."

"வேற என்னெல்லாம் சொன்னே? இத்தனை வருஷத்துல?"

"எதைன்னு சொல்ல?" என்றாள். "பேசிக்கிட்டேதான் இருந்தேன். ஒரு நாள் நிறுத்திட்டேன்."

அதைக் கேட்க இரண்டு காது வேண்டியிருக்கவில்லை. சுவரோடு பேசுகிறாள் என்று மகள் சொன்னாளே, அந்தச் சுவர் அவர்தான். தியேட்டர் இல்லாத குறைக்கு அவள் போகவில்லை. இல்லாத கோளாறுக்குப் பல்லை விற்று வேலை பார்த்திருக்கிறார்.

"சரி, அந்த நாலு தடவையும் என்னதான் கேட்டே? போகட்டுமான்னா?"

அவள் இல்லையென்று தலையை அசைத்தாள். "போகட்டுமான்னு ஏன் கேக்கணும்? அதுக்கு உங்க உத்தரவு எதுக்கு? நீங்களும் வாங்கன்னு கேட்டேன்."

அவர் வலக்காதை அவள் பக்கம் திருப்பினார்.

"அங்க நமக்குன்னு ஒரு அறை ஒதுக்கி வச்சிருக்கா உங்க மக. ரெண்டு பேரும் போகலாம், வர்றீங்களான்னு கேட்டேன். நாலு தடவையும் அதேதான்."

மகள் போனில் 'நீங்களும்' என்று ஆரம்பித்தது இப்போது வந்து காதில் விழுந்தது. அதை அவரே வெட்டியிருந்தார். அந்தக் குற்றத்தைக் காதின்மேல் போட முடியாது.

மனைவி நாற்காலியிலிருந்து எழுந்தாள். தரையில் கிடந்த போர்வையைச் சுற்றி நடந்து, முழங்காலைப் பிடித்தபடி அவருடைய வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்து அவர் பார்த்த ஞாபகமே இல்லை. வேறு யாரோ பெண்பிள்ளை வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவர் காதருகே குனிந்து, படுக்கையில் பேசுகிற அதே சின்னக் குரலில் அஞ்சாவது தடவையாகக் கேட்டாள்.

"நீங்களும் வாங்களேன்."

அவர் வாசலில் நின்ற பெட்டியைப் பார்த்தார். டிவிக்குக் கீழே பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்த கணக்குப் பிரிவு ஏழையும் பார்த்தார்.

"வண்டி எத்தனை மணிக்கு?" என்றார்.

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சோப்பு முகத்தோடு குளியலறை வாசலில் நின்ற மாதிரியே இப்போது அவள் இருந்தாள்.

"என்ன சொன்னீங்க?" என்றாள்.

"சரியாப் போச்சு" என்றார் லிஃப்ட்காரர். "எனக்குத்தான் காது போச்சு. உனக்குமா?"